முள்ளுக்கு அடியில் பச்சை

கோடை தொடக்கம், ஞாயிறு

மகள் வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரிக்கு, மலையில் இருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது.

முதலில் உட்கார்ந்துகொள். மூச்சை நிதானமாக விடு. இங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கையெழுத்து புதிதாக இருக்கிறதே, யாரைப் பிடித்து எழுத வைத்தாரோ என்று யோசிக்காதே. யாரையும் பிடிக்கவில்லை. எழுதுவது நான்தான். ஆமாம், நானேதான்.

குளிர்காலம் முழுக்கப் படித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் ஆயுள் முழுக்கக் கேலி செய்வாய் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கற்றுக்கொடுத்தவர் மரம் அறுக்கும் மில்லுக்கு எதிரே போர்டு எழுதுகிறாரே, அந்தப் பெயிண்டர். அவருக்குக் கடைப் பெயர் எழுதித்தான் பழக்கம். அதனால் எனக்கும் எழுத்து அந்த அளவில்தான் வருகிறது. ஒரு பக்கத்தில் நாலைந்து வரிக்கு மேல் இடம் இல்லை. உறை இவ்வளவு தடிமனாக இருப்பதைப் பார்த்து, வீட்டுப் பத்திரத்தை உன் பேருக்கு மாற்றி அனுப்பிவிட்டேனோ என்று சந்தோஷப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பாய். நீ எழுதும் கடிதங்களை இதுவரை எனக்கு வாசித்தது யார்? சலூன்காரர். ஒருவர் முகத்தில் சோப்பு காயக் காய, நடுக்கடையில் நின்று, நாடகம் போல ஏற்றி இறக்கி வாசிப்பார். சென்ற தடவை என் கிழிந்த பனியனைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை ஊரே கேட்டது. மறுநாள் பஸ் கண்டக்டர், "பெருசு, புது பனியன் வாங்கியாச்சா? வீட்ல கோவமா இருக்காங்களாமே?" என்று டிக்கெட்டோடு சேர்த்துக் கேட்டார். அன்றைக்கே போய்ப் பெயிண்டர் எதிரில் உட்கார்ந்தேன். இனி நீ எதை வேண்டுமானாலும் எழுதலாம். திட்டினாலும் அது நமக்குள்.

இப்போது சரிவின் சங்கதி. கடிதம் என்றால் முதலில் இருந்து சொல்ல வேண்டும் என்று பெயிண்டர் சொல்லியிருக்கிறார். அதனால் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். எழுதிப் பழகவும் வேண்டுமே.

நம் சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சரிவில் நான் வாழ்நாளெல்லாம் பிசின் இறக்கிய பைன் காடு எரிந்துபோனது. உச்சியில், பாறைத் தட்டில் நின்ற கிழட்டு மரங்கள் மட்டும் தப்பின. மறு வசந்தத்தில் அவற்றின் விதை காற்றில் இறங்கி, கரிக்கு நடுவே முளைத்தது. ஊரே துள்ளியது. அப்போது நாம் என்ன செய்தோம்? பிசின்காரன் பழக்கத்தைச் செய்தோம். மரத்தில் கத்தி வைப்பதற்கு முன்னால் அடியைச் சுற்றிப் புல், புதர், உதிர்ந்த ஊசி எல்லாவற்றையும் வழித்துப் பெருக்கி, தட்டு போல ஒரு வட்டம் போடுவோமே, தரைத்தீ வந்தால் மரத்தைத் தொடக்கூடாது என்று, அதே வட்டத்தை விரல் நீளம்கூட இல்லாத முளைகளுக்கும் போட்டோம். பழைய பிசின்காரர் ஒருவர் பாக்கி இல்லை. நீயும் துடைப்பத்தோடு வந்தாய். "கொழந்தைக்குத் தலை வாரிவிட்ட மாதிரி எவ்ளோ அழகா இருக்குதுங்க" என்று இடுப்பில் கை வைத்து நின்றாய்.

பிறகு வெயில் வந்தது. நிழலுக்கு ஒரு புல் இல்லை. வழித்துவிட்ட தரை அடுப்புக்கல்லாகச் சுட்டது. முளைகள் அடியில் கருகித் தலை சாய்த்தன. அத்தனை பேரும் கூடிச் செய்த கெட்டிக்காரத்தனம் அது.

அதற்கும் பிறகு காற்று. மூடுவதற்கு எதுவும் இல்லாத சரிவிலிருந்து சாம்பலும் மண்ணும் கிளம்பி நம் தலையணைக்குள்ளேயே குடி வந்தன. நீ இருமத் தொடங்கினாய். தூசி இல்லாத இடத்துக்குப் போகாவிட்டால் நுரையீரல் தாங்காது என்று வைத்தியர் சொன்னார். மாப்பிள்ளை வண்டியோடு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாயைத் துணியால் மூடிக்கொண்டு நீ போனாய். நான் வண்டியின் டயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, நல்ல பகுதிக்கு வருகிறேன். போன இலையுதிர்காலத்தில் அந்தக் கிழட்டு மரங்கள் காய்த்துத் தள்ளின. பனிக்காற்றில் பைன் காய்கள் விரிந்து இறக்கை வைத்த விதைகள் பறந்ததை வாசலில் நின்று பார்த்தேன். இந்த வசந்தத்தில் மறுபடி முளை! நாங்கள் பழக்க தோஷத்தில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். வனத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் ரேஞ்சர் அம்மா, நம் மகளைவிடச் சின்னவள், பாதையில் குறுக்கே நின்றுவிட்டாள். "ஐயா, உங்க கால்ல வேணாலும் விழுறேன். அந்தத் துடைப்பத்தக் கீழ போடுங்க" என்றாள். முட்புதர் இருக்கட்டும், விழுந்து கிடக்கும் கரிக்கட்டை இருக்கட்டும், அவற்றின் நிழலில்தான் முளை கோடையைத் தாண்டும் என்று விளக்கினாள். எனக்குக் காவல்காரன் தொப்பி கொடுத்தாள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தேன் அல்லவா, முதல் போர்டை நானே எழுதினேன். "இங்கே ஒன்றும் செய்யாதீர்கள்." பாதை முனையில் நட்டிருக்கிறது. நீ வரும்போது பார்க்கலாம்.

கவலையும் இருக்கிறது. மறைக்க மாட்டேன். கோடை முடிந்ததும் மேல் அலுவலகத்திலிருந்து ஒருவர் எண்ணிப் பார்க்க வருவார். உயிரோடு இருக்கும் கன்றுகள் போதுமானால் சரிவை அப்படியே விட்டுவிடுவார்கள். போதாவிட்டால் மிஷின் வரும். முள்ளையும் கட்டையையும் பிடுங்கி, மேலிருந்து கீழ் வரை உழுது, நாற்றுப்பண்ணையிலிருந்து கன்று கொண்டுவந்து நடுவார்கள். ரேஞ்சர் அம்மா இதைச் சொன்ன ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உழுதால் தூசி எத்தனை காலம் பறக்கும் என்று. ரேஞ்சர் அம்மா, "நாத்து வேர் புடிச்சு மண்ண மூடுற வரைக்கும்யா. அஞ்சாறு வருஷம் ஆகும்" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் இருந்த ஆட்டுக்காரர், "பெருசு மரத்துக்காகக் கேக்கல, சம்சாரத்துக்காகக் கேக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நம் வயதில் அஞ்சாறு வருஷம் என்றால் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை.

கை வலிக்கிறது. மாத்திரையை நேரத்துக்குப் போடு. பாப்பாவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். உன் மூச்சு சீராக இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்,
இப்போது எழுதத் தெரிந்தவன்.


நடுக்கோடை, வெள்ளி

சந்தேகப் பிராணிக்கு, அவள் சந்தேகப்பட்ட ஆள் எழுதுவது.

உன் பதில் வந்தது. என் வாழ்நாளில் நானே வாசித்த முதல் கடிதம். அதில் முதல் வரியே "இத எழுதினது நீங்கதான்னு நான் எப்படி நம்புறது?" நன்றாக இருக்கிறது! கல்யாணத்தன்று என் காலில் இருந்தது யாருடைய செருப்பு என்று சொன்னால் நம்புவாயாம். என் அண்ணனுடையது. பெரிய செருப்பு. படியேறும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் வந்த உன் மாமாவின் மேல் விழுந்தது. நீ தலை குனிந்து வெட்கப்படுவதாக எல்லோரும் நினைத்தார்கள். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய். போதுமா?

இங்கே வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மேகமே இல்லை. மில்லில் மதியம் வேலையை நிறுத்திவிட்டார்கள். பெயிண்டர் டப்பாவில் பெயிண்ட் காய்ந்துபோகிறது என்று ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். சரிவில் புல்லெல்லாம் வைக்கோலாகிவிட்டது. கட்டை நிழலில் இருக்கும் முளைகள் மட்டும் எப்படியோ பச்சையாக நிற்கின்றன. வெயிலில் முளைத்தவை போய்விட்டன. அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

பழைய பிசின்காரர்கள் நாலு பேர் குடமும் வாளியுமாக வந்துவிட்டார்கள், தண்ணீர் ஊற்றுவதற்கு. எனக்கும் அதே எண்ணம்தான். தொப்பி போட்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. ரேஞ்சர் அம்மா ஓடி வந்து, "மேலயே தண்ணி கெடைச்சா வேர் எதுக்குக் கீழ போகும்? நீங்க ஊத்துறத நிறுத்துற அன்னிக்கு அது போயிடும்" என்றாள். "அப்ப எங்களுக்கு இங்க என்னதாம்மா வேலை?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். "பாத்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு கையையும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் பாக்கணும்" என்றாள். கேட்பதற்குச் சுலபம். கைகள் சும்மா இருந்து எனக்குப் பழக்கம் உண்டா? உள்ளே விட்டு விட்டு என் வலது பாக்கெட் கிழிந்தே போய்விட்டது. நானே தைத்துக்கொண்டேன். தையலைப் பார்த்தால் நீ அழுவாய்.

இனி சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்கலாம், கோபிக்கலாம். உன் இஷ்டம். ஆனால் பங்கு உனக்கும் உண்டு.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போனேன். சரிவைச் சுற்றிப் போட்ட வேலியின் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அதில் உட்கார்ந்து, விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் நகர்த்தி, சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே மேல் மாடியில் ஒருவர் விடியற்காலையில் பாடிப் பழகுகிறார், அவர் நிறுத்தினால் நீ இருமுகிறாய், நீ நிறுத்தினால் அவர் பாடுகிறார், இரண்டில் எது மேல் என்று மாப்பிள்ளை யோசிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த நேரம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டுக்காரரின் மந்தை முழுதும், சாத்த மறந்த கதவு வழியாக, என் முதுகுக்குப் பின்னால் வரிசையாக உள்ளே போயிருக்கிறது.

ஆட்டுக்காரர் மேலேயிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார். "யோவ் பெருசு! அப்படி என்னதான்யா எழுதியிருக்காங்க வீட்ல? என் ஆடு மொத்தமும் உன் தோளத் தட்டிட்டுப் போயிருக்கு, திரும்பிக்கூடப் பாக்கலியே!"

விரட்டி வெளியே கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கட்டைகளுக்குப் பக்கத்தில் வெயிலைத் தாண்டி நின்ற முளைகளில் பாதிக்கு மேல் மொட்டையாகக் கிடந்தன. ஆட்டுக்காரர் தன் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே எறிந்தார். கோடை தொடங்கியதிலிருந்து அந்த மனிதர் மந்தையை மலைக்கு மறுபக்கம், அவ்வளவு தூரம், இதற்காகத்தான் ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் ஒருவரையொருவர் திட்டவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் ரேஞ்சர் அம்மா வந்தாள். தொப்பியைக் கழற்றி நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு முட்புதருக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "வெளிய இருந்தது போச்சுதான். உள்ள இருக்கறது ஒண்ணும் போகலய்யா. ஆட்டு மூக்குக்கும் முள்ளு முள்ளுதானே" என்றாள். எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றாள். புதரைப் பிரித்துப் பார்த்தால் வெயில் உள்ளே இறங்கும், எண்ணுகிற நாள் வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. ஆக, எங்கள் மிச்சம் எல்லாம் முள்ளுக்குள் இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவும் முடியாது.

இப்போது தூசி அடங்கியிருந்தால் வந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். அடங்கித்தான் இருக்கிறது. அந்த முள்ளும் புல்லும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆனாலும் வராதே. நீ வந்து பெட்டியை இறக்கிய பிறகு மிஷின் ஏறினால், உன்னை இரண்டாவது தடவை அந்த வண்டியில் ஏற்றி அனுப்ப என்னால் ஆகாது.

இன்னும் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாயா? பாப்பா மில் தொலைபேசியில் "அம்மா நல்லா இருக்காங்க" என்று வேகமாகச் சொல்கிறாள். வேகமாகச் சொன்னால் எனக்குப் பயம். நீயே எழுது. பொய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன், இரண்டு தடவை வாசிக்கிறேன்.

பொறுத்துக்கொள். நானும் கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்.


கோடை முடிவு, புதன்

என் வீட்டுக்காரிக்கு, தலைகால் புரியாமல் எழுதுவது.

முடிவை முதலில் சொன்னால் மீதியை நீ வாசிக்க மாட்டாய். ஆனாலும் அடக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டோம்! சரிவை உழப்போவதில்லை. இப்போது பாப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிதானமாக வாசி.

எண்ணுகிறவர் வருவதற்கு முதல் நாளே மிஷின் வந்துவிட்டது. லாரியில் ஏற்றி வந்து மில்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மஞ்சள் நிறம். சக்கரம் என் உயரம். அதன் டிரைவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சீட்டிலேயே தூங்கினார். தீர்ப்புக்கு முன்னாலேயே தூக்குக் கயிறு வந்துவிட்டதே என்று சலூன்காரர் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சவரம் செய்யும்போது அவர் கையும் சரியில்லை, என் தாடையும் சரியில்லை. இரண்டு இடத்தில் வெட்டு.

வந்தவர் ஒல்லியான ஆள். புது ஷூ, இஸ்திரி போட்ட கால்சட்டை, கண்ணாடி. நாங்கள் அவருக்குக் கணக்கு சார் என்று பேர் வைத்துவிட்டோம். வரைபடத்தில் முன்கூட்டியே புள்ளி வைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தந்தப் புள்ளியில் ஒரு ஆணி அடித்து, கயிறு கட்டி, சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் உயிரோடு இருக்கும் பைன் எத்தனை என்று எண்ணுவார். இடம் அவர் இஷ்டமும் இல்லை, எங்கள் இஷ்டமும் இல்லை.

முதல் புள்ளி விழுந்தது வெயில் பக்கத்துக் கல்லில். ஒன்றும் இல்லை. அடுத்தது ஆடு மேய்ந்த இடம். அங்கேயும் ஒன்றும் இல்லை. அதற்கடுத்து ஒரே ஒரு முளை, அதுவும் பாதி மஞ்சள். அவர் எழுதிக்கொண்டே போனார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

அடுத்த புள்ளி சரியாக ஒரு பெரிய முட்புதரின் நடுவில். கணக்கு சார் அதைச் சுற்றி வந்தார். "முள்ளுதான் இருக்கு" என்று பேனாவை எடுத்தார். ரேஞ்சர் அம்மா, "சார், உள்ள பாக்கணும்" என்றாள். "இதுக்குள்ள எப்படிம்மா பாக்கறது?" என்றார். அவள் உடுப்போடு தரையில் குப்புறப் படுத்துவிட்டாள். ஆட்டுக்காரர் தன் மேய்ப்புத் தடியின் வளைந்த முனையை மாட்டிக் கிளையைத் தூக்கிப் பிடித்தார். கணக்கு சார் ஒரு பெருமூச்சு விட்டார். சட்டைக் கையை மடித்தார். கண்ணாடி கீறிவிடும் என்று கழற்றி, யாரிடம் கொடுக்கலாம் என்று பார்த்து, என்னிடம் கொடுத்தார். பிறகு அவரும் படுத்து ஊர்ந்து உள்ளே போனார். வெளியே ஷூ மட்டும்தான் தெரிந்தது.

நான் அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து "ஒண்ணு" என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு. இருங்க, இந்தப் பக்கம்... மூணு, நாலு... அடேயப்பா!"

ரேஞ்சர் அம்மா எழுதுவதற்குத் தயாராக இருந்தாள். "சார், அடேயப்பான்னா எத்தனைன்னு போடட்டும்?"

"நீங்களே வந்து பாருங்கம்மா!" என்று புதருக்குள்ளிருந்து கத்தினார்.

எல்லோரும் படுத்தோம். நானும்தான். என் முழங்கால் பற்றி இப்போது பேசாதே. உள்ளே போய்ப் பார்த்தால் என்னடி சொல்வது! இந்த வருஷத்து முளைகள் உதிர்ந்த இலைக்கு நடுவில் ஈரமாக நின்றன. அவற்றுக்கும் உள்ளே, முள்ளின் தண்டோடு ஒட்டி, முழங்கால் உயரத்தில் பைன் கன்றுகள். நன்றாகத் தடித்து, பட்டை கட்டி, கொத்துக் கொத்தாக ஊசி விட்டவை. இந்த வருஷத்தவை அல்ல. நாம் வட்டம் போட்ட வருஷத்தவை! எனக்கு அந்த இடம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு, இந்தப் புதர் இருக்கும் பாறையடியில் முள் அடர்ந்து தளிர்த்திருந்ததைப் பார்த்து, "குத்துதுய்யா, விட்டுத் தள்ளுங்க, டீ குடிக்கப் போவோம்" என்று எல்லோரும் இறங்கிப் போனோம். நமக்குச் சோம்பல் வந்த இடமெல்லாம் பிழைத்திருக்கிறது! மூன்று வருஷமாக நம் ஜன்னலுக்கு நேர் எதிரே, முள்ளுக்குள் உட்கார்ந்து யாருக்கும் சொல்லாமல் வளர்ந்திருக்கிறது.

ஒரு ஊசியைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். பிசின் வாசனை. தீ வந்த பிறகு அந்த வாசனையே இல்லாமல் இருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. ஆட்டுக்காரர் காலைப் பிடித்து இழுத்து, "யோவ், உயிரோட இருக்கியா?" என்றார்.

அதற்குப் பிறகு கணக்கு சாரைப் பிடிக்க முடியவில்லை. எங்களுக்கு முன்னால் ஓடுகிறார். புள்ளியில் புதர் விழுந்தால் "ஆஹா" என்கிறார், கல் விழுந்தால் எங்களைவிட அவருக்குத்தான் வருத்தம். கால்சட்டை முழங்காலில் கிழிந்து தொங்கியது. முகமெல்லாம் கீறல். கண்ணாடியைத் திருப்பிக் கேட்கவும் மறந்துவிட்டார். எழுத வேண்டிய நேரத்தில் மட்டும் கையை நீட்டுவார், நான் கொடுப்பேன், திரும்ப வாங்கிக்கொள்வேன். பட்டுப்போன இடங்களும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. உச்சிக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க வெறும் கல்தான். அங்கே இன்னும் பல கோடை ஆகுமாம். ஆனால் மற்ற இடமெல்லாம் முள் இருந்தால் கன்று இருந்தது.

சாயங்காலம் ஒரு கரிக்கட்டையில் உட்கார்ந்து கூட்டினார். ஒரு தடவை கூட்டி, நம்பாமல் மறுபடி கூட்டினார். ரேஞ்சர் அம்மா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, உட்கார்ந்த இடமெல்லாம் கரியாக, "மிஷின் வேண்டாம். திருப்பி அனுப்பிடுங்க" என்றார்.

எழுந்த சத்தம் மில் வரை கேட்டதாம். ஆட்டுக்காரர் என்னைத் தூக்கிச் சுற்றினார். ஒரு சுற்றுதான். இரண்டாவது சுற்றில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்தான் தாங்கிப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். ரேஞ்சர் அம்மா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கேட்டால் தூசி என்றாள். எங்கேயம்மா தூசி என்றேன்.

கணக்கு சாரிடம் கண்ணாடியைக் கொடுக்கும்போது கேட்டேன். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், யாராவது வந்து மறுபடி உழச் சொல்வார்களா என்று. "இந்த அளவு கன்னு இருக்கற இடத்த உழ யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்கய்யா. நான் எழுதியும் குடுத்துட்டேன்" என்றார். எதற்கு இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. ஆட்டுக்காரர் இடுப்பைப் பிடித்தபடியே, "அவருக்கு ஒரு ஆள் வரணும் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கணக்கு சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கையிலும் முள் கீறல் இருந்ததால் இருவருக்கும் வலித்தது.

மறுநாள் மிஷினை லாரியில் ஏற்றி அனுப்பும்போது தெரு முழுக்க ஆட்கள். பெயிண்டர் பிரஷோடு நின்றார், சலூன்காரர் பாதிச் சவரத்தில் இருந்த ஆளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் கை தட்டினோம். டிரைவர் தலையை நீட்டி, "என்ன ஊருய்யா இது! ஒரு வேலையும் வாங்காம அனுப்புறீங்க, அதுக்கு இவ்ளோ கைதட்டா!" என்று சிரித்துக்கொண்டே போனார். கல்யாண வண்டி போவது போலக் குழந்தைகள் வளைவு வரை கூடவே ஓடின.

இனி நம் விஷயம்.

வைத்தியரிடம் போ. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. மூச்சு எப்படி இருக்கிறதோ அப்படியே சொல். எனக்காகக் குறைத்தும் சொல்லாதே, பயந்துகொண்டு கூட்டியும் சொல்லாதே. சரிவை இனி உழ மாட்டார்கள், மண் மூடியிருக்கிறது என்று சொல். அவர் இன்னும் கொஞ்சம் பொறு என்றால் பொறுக்கத்தான் வேண்டும். பொறுப்பதில் எனக்கு இப்போது நல்ல பயிற்சி. போகலாம் என்றால் குளிர் இறங்குவதற்குள் மாப்பிள்ளையைக் கிளப்பு. பாப்பா முகம் வாடினால், இனி அவள் இங்கே வரலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு நாள் இருக்கலாம் என்று சொல். அவள் படுக்க அந்தச் சின்ன அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

மூன்று நாளாக மேல்காற்று பலமாக அடிக்கிறது. உனக்குத் தெரியும், உன்னைப் பாடாய்ப் படுத்திய அதே காற்று. ஜன்னல் கதவுகளை எல்லாம் திறந்தே வைத்திருந்தேன். இன்று காலையில் ஒரு வெள்ளைத் துணியால், நீ படுக்கும் பக்கத்து ஜன்னல் கட்டையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தித் துடைத்தேன். நீ எடுத்து வைத்திருந்த புதுத் தலையணை உறையைத்தான் கிழித்தேன். அதற்கு நேரில் திட்டு. துணியைத் துவைக்கவில்லை, தட்டவில்லை. அப்படியே மடித்து இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார். முகர்ந்து பார். வீட்டில் எந்த மூலையில் என்ன அழுக்கு என்று கண்டுபிடிக்கும் உன் கண்ணை எனக்குத் தெரியும், அதனால் ஏமாற்ற நினைக்கவில்லை.

அதில் ஒரு கறுப்புக் கோடு இருந்தால் வராதே.

இல்லையென்றால், வைத்தியர் தலையசைத்த அன்றைக்கே கிளம்பிவிடு. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம்.

வழியெல்லாம் உனக்கு நல்ல காற்றாக இருக்கட்டும்.

வாசலில் நிற்கும்
உன் வீட்டுக்காரன்.